‘ஸாரி’ – ஒரு சிறு சொல்லின் பொருளும் வழக்கும்



இவ்வாண்டு மலருக்கு ஆங்கிலப் பாடம் பற்றி ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, கடினமான சொற்கள் பத்துப் பதினைந்தைப் பொறுக்கியெடுத்துப் பொருள் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். கடினமான சொல்லைக் கண்டால் நீங்களே அகராதியைப் புரட்டிவிடுவீர்கள். எளிய சொல்லுக்காக யாரும் அகராதியைத் தொடுவதில்லை. நமக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருக்கும் சொல்லில்தான் கால் இடறுகிறது. ஆகவே, காலை மணி அடித்தது முதல் மாலையில் வாயிற்கதவு சாத்தும் வரை நம் பள்ளியில் மிக அதிகமாகக் காதில் விழும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். அது ‘ஸாரி’.

ஒரு நாள் இடைவேளையில் மாடிப்படியருகே நின்று எண்ணிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் முப்பத்தொரு ‘ஸாரி’கள்! தோளில் இடித்தவள் சொன்னாள், இடிபட்டவளும் சொன்னாள். கடன் வாங்கிய பேனாவைத் திருப்பித் தர மறந்தவள் சொன்னாள். ஓடி வந்த வேகத்தில் தூணில் மோதிக்கொண்ட சிறுமி ஒருத்தி தூணிடமும் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் வகுப்பில், “இச்சொல்லுக்குப் பொருள் என்ன?” என்று கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் “மன்னிப்பு” என்றார்கள். தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அது பாதி விடைதான். அந்தப் பாதி விடையை வைத்துக்கொண்டு நான் ஒரு முறை பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு மாணவி. எங்கள் அப்பா திடீரென்று இறந்துபோனார். பத்து நாட்கள் கழித்துப் பள்ளிக்குத் திரும்பினேன். எங்கள் தலைமையாசிரியை அயர்லாந்து நாட்டிலிருந்து வந்த கன்னியர். எல்லோருக்கும் அவரிடம் பயம். அன்று அவர் என்னைத் தம் அறைக்கு அழைத்து, என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, “ஐ ஆம் ஸோ ஸாரி, சைல்ட்” என்றார். நான் திகைத்தேன். இவர் எதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்? அப்பாவின் சாவில் இவருடைய தவறு என்ன இருக்கிறது? பாடப் புத்தகத்தில், ஒருவர் ‘ஸாரி’ என்றால் மற்றவர் சொல்ல வேண்டிய மறுமொழி ‘நெவர் மைண்ட்’ என்று படித்திருந்தோம். மனப்பாடம் செய்ததை மரியாதையாக ஒப்புவித்தேன்: “நெவர் மைண்ட், மதர்.”

அதாவது, என் தகப்பனார் இறந்ததற்காக மனம் வருந்தியவரிடம், “பரவாயில்லை, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்” என்று சொல்லியிருக்கிறேன்! அவர் ஒரு கணம் என் முகத்தை உற்றுப் பார்த்தார். திருத்தவில்லை. கையை விடவும் இல்லை. வகுப்பு மணி அடிக்கும் வரை அப்படியே உட்கார வைத்திருந்தார். நான் சொன்னது என்னவென்று எனக்கு விளங்கியது, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் ஒரு பெரிய அகராதியை எதற்காகவோ புரட்டிக்கொண்டிருந்த பிற்பகலில்தான். அதற்குள் அந்த மதர் தம் நாட்டுக்குத் திரும்பிவிட்டிருந்தார்.

அந்த அகராதியில் நான் கண்டது இதுதான். ‘ஸோர்’ என்ற ஆங்கிலச் சொல்லை அறிவீர்கள். ‘ஸோர் த்ரோட்’ என்றால் தொண்டைப் புண். பழைய ஆங்கிலத்தில் இச்சொல் புண்ணையும் நோவையும் குறித்தது. அந்தப் புண்ணின் வயிற்றில் பிறந்த பிள்ளைதான் ‘ஸாரி’. நோவுற்ற, உள்ளம் புண்பட்ட என்பதே அதன் முதற்பொருள். வேடிக்கை என்னவென்றால், ஒலியில் அக்காள் தங்கை போலிருக்கும் ‘ஸாரோ’ என்ற சொல், துயரம் என்று பொருள்படுவது, இதற்கு இரத்த உறவே இல்லை. அது கவலையைக் குறிக்கும் வேறொரு வேரிலிருந்து வந்தது; ஜெர்மன் மொழியில் கவலைக்கு ‘ஸோர்கே’ என்பார்கள், அதுதான் ‘ஸாரோ’வின் உறவு. இரண்டும் பக்கத்து வீட்டுப் பெண்களைப் போல நெடுங்காலம் பழகிப் பழகி, ஓசையிலும் பொருளிலும் ஒன்றையொன்று ஒத்துப்போய்விட்டன.

எனவே ஒருவர் ‘ஐ ஆம் ஸாரி’ என்னும்போது அவர் நம்மிடம் எதையும் கேட்கவில்லை. தம் மனம் நோகிறது என்று தம் நிலையைச் சொல்கிறார், அவ்வளவே. எதனால் நோகிறது? தாம் செய்த தவறால் நோகலாம். அப்போது அது மன்னிப்பை ஒட்டி நிற்கும். உங்களுக்கு நேர்ந்த துன்பத்தால் நோகலாம். அப்போது அது அனுதாபம். உங்கள் வேண்டுகோளை நிறைவேற்ற முடியாமையால் நோகலாம். அப்போது அது பணிவான மறுப்பு. கடைக்காரர் ‘ஸாரி, ஸ்டாக் இல்லை’ என்பது இந்த மூன்றாம் வகை. இடத்தைப் பார்த்தும், குரலைப் பார்த்தும், பின்னால் வரும் சிறு சொல்லைப் பார்த்தும்தான் எது எனப் பிரித்தறிய முடியும்.

இலக்கணத்திற்கு வருவோம். இது ஓர் அட்ஜெக்டிவ், பெயரடை. பசியாக, களைப்பாக இருப்பதைப் போல இதுவும் ஒரு நிலை. ஆகவேதான் நடுவில் ‘ஆம்’ வேண்டும். ‘ஐ ஸாரி’ என்று எழுதினால் நான் சிவப்பு மையால் சுழிக்கிறேன். ‘ஐ ஆஸ்க்ட் ஸாரி’ என்பது நம் ஊர்ச் சரக்கு. தமிழில் மன்னிப்பைக் கேட்கிறோம் என்பதால் ஆங்கிலத்திலும் ‘ஆஸ்க்’ போட்டுவிடுகிறோம். தன் மனநோவை எவரேனும் பிறரிடம் கேட்டு வாங்குவார்களா? ‘ஐ ஸெட் ஸாரி’ என்று எழுதுங்கள். அல்லது ‘ஐ அபாலஜைஸ்ட்’ என்று எழுதுங்கள். இந்த ‘அபாலஜைஸ்’ என்பது தவறை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவிக்கும் வினை. அதில் அனுதாபப் பொருள் கிடையாது. மன்னிப்பைக் கேட்கவே வேண்டுமென்றால் அதற்கு ‘ஃபர்கிவ் மீ’ இருக்கிறது. எழுத்துக்கூட்டலிலும் கவனம் தேவை. ‘ஆர்’ இரண்டு, முன்னால் ‘ஓ’. ஒரு விடுப்புக் கடிதத்தில் இச்சொல் சேலையாகவே மாறி என் மேசைக்கு வந்ததுண்டு.

இனி அந்தச் சிறு சொற்கள். இங்கே சற்று நின்று நிதானமாகப் படியுங்கள். ஒரு மாணவி தன் சித்திக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினாள். சித்தி வீட்டுக்குப் போன இடத்தில் பேச்சு முற்றி, எதிர்த்துப் பேசிவிட்டாள். ஊருக்கு வந்தபின் மனசு கேட்கவில்லை. தமிழில் எழுதக் கூச்சமாக இருந்ததால் ஆங்கிலத்தில் எழுதினாள். ‘ஐ ஆம் ஸாரி ஃபார் யூ’ என்று முடித்திருந்தாள். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்பது அவள் நினைப்பு. ஆனால் ஆளின் பெயருக்கு முன் ‘ஃபார்’ வந்தால், அந்த ஆளைப் பார்த்துப் பரிதாபப்படுவதாகப் பொருள். சித்தி ஆங்கிலம் படித்தவர். ‘உங்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது’ என்றுதான் அவர் படித்திருப்பார். ஏற்கெனவே கோபத்தில் இருந்தவர் வேறு! நல்லவேளையாக, தபாலில் போடுமுன் அந்தக் கடிதம் என் பார்வைக்கு வந்தது. ‘ஐ ஆம் ஸாரி ஃபார் வாட் ஐ ஸெட்’ என்று திருத்தினோம். செய்த செயலுக்கு முன் ‘ஃபார்’ வந்தால் அது வருத்தம் தெரிவிப்பது. ஆளுக்கு முன் வந்தால் இரக்கம். ஒரே சொல்தான் இரண்டு வேலையும் செய்கிறது.

‘அபௌட்’ பெரும்பாலும் பொருளையும் நிகழ்ச்சியையும் சுட்டும். உடைந்த கண்ணாடி டம்ளருக்கும் ‘அபௌட்’, தோழியின் வீட்டில் நேர்ந்த துக்கத்துக்கும் ‘அபௌட்’. ‘டு’ வந்தால் பின்னால் ஒரு வினை வரும்: ‘ஸாரி டு டிரபிள் யூ’ – தொந்தரவு கொடுக்கும்போதே சொல்வது. ‘ஸாரி டு ஹியர் தட்’ – கெட்ட செய்தி காதில் விழுந்தவுடன் சொல்வது. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டுமாவது மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அதற்கு மறுமொழி ‘தேங்க் யூ’. ‘நெவர் மைண்ட்’ அல்ல!

கேள்வித் தொனியில் ‘ஸாரி?’ என்று இழுத்தால், “நீங்கள் சொன்னது காதில் விழவில்லை, மறுபடி சொல்லுங்கள்” என்று பொருள். நம் ஊர்ப் பெண்கள் வெளிநாட்டு விருந்தினரிடம் பேசும்போது இதைக் கேட்டு, ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று வாயை மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மூட வேண்டாம், இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னால் போதும். ‘எக்ஸ்க்யூஸ் மீ’ என்பது வேறு. வழிவிடக் கேட்கும்போதும், பேசிக்கொண்டிருப்பவரை அழைக்கும்போதும், காரியத்துக்கு முன்னால் சொல்வது அது. இடித்த பிறகு சொல்வது ‘ஸாரி’. அமெரிக்கர்கள் இடித்த பிறகும் ‘எக்ஸ்க்யூஸ் மீ’ என்பதுண்டு. ஆங்கிலேயரோ தம் காலைப் பிறர் மிதித்தாலும் தாமே ‘ஸாரி’ என்பார்கள். கேட் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர், 2004-இல் வெளிவந்த தம் நூலுக்காக, பொது இடங்களில் வேண்டுமென்றே ஆட்கள்மீது மோதிப் பார்த்தார். மோதியவர் அவர், ‘ஸாரி’ சொன்னவர்களோ பெரும்பாலும் மோதப்பட்டவர்கள்! நம் மாடிப்படியில் இடிபட்டவள் சொன்னதும் இந்த வகைதான் போலும்.

‘ஸாரி’ ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டி நின்றால் கதை வேறாகிவிடும். ‘எ ஸாரி ஸ்டேட்’ என்பது பரிதாபத்துக்குரிய நிலை. ‘கட் எ ஸாரி ஃபிகர்’ என்பது பலர் முன்னிலையில் அசடு வழிவது. இவை தேர்வில் வரும் என்பதால் சொல்லி வைக்கிறேன். பேச்சில் அதிகம் தேவைப்படாது.

இத்தனை நுணுக்கம் எதற்கு, சொன்னால் புரிந்துகொள்ள மாட்டார்களா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பெற்றோர்களும் நினைக்கலாம். இந்த ஒரு சொல்லின் பொருளுக்காக இரண்டு பெரிய நாடுகள் பதினொரு நாள் மல்லுக்கு நின்ற கதையைக் கேளுங்கள்.

2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி, தென்சீனக் கடலுக்கு மேலே ஓர் அமெரிக்க உளவு விமானமும் ஒரு சீனப் போர் விமானமும் மோதிக்கொண்டன. சீன விமானி வாங் வெய் கடலில் விழுந்து மாண்டார். சேதமடைந்த அமெரிக்க விமானம் சீனாவின் ஹைனான் தீவில் அனுமதி பெறாமலே தரையிறங்கியது. அதிலிருந்த 24 பேரையும், அவர்களில் மூவர் பெண்கள், சீன அரசு தடுத்து வைத்தது. மன்னிப்புக் கேட்டால்தான் விடுவோம் என்றது சீனா. தவறு எங்களுடையதல்ல, ஆகவே மன்னிப்புக் கேட்கமாட்டோம் என்றது அமெரிக்கா. ஏப்ரல் 11 அன்று அமெரிக்கத் தூதர் ஜோசப் புரூயர் ஒரு கடிதம் கொடுத்தார். விமானியின் மரணத்துக்காக ஒரு முறையும், வாய்மொழி அனுமதியின்றித் தரையிறங்கியதற்காக ஒரு முறையும், ‘வெரி ஸாரி’ என்று அதில் இரு முறை இருந்தது. ‘அபாலஜைஸ்’ என்ற சொல் மட்டும் இல்லை! சீனத்தில் அது மன்னிப்புக் கோருதலை ஒட்டிய சொல்லால் மொழிபெயர்க்கப்பட்டது. மன்னிப்பு வந்துவிட்டது என்று அவர்கள் நிறைவடைந்தார்கள். வருத்தம் தெரிவித்தோமேயன்றி மன்னிப்புக் கேட்கவில்லை என்று அமெரிக்கர்களும் நிறைவடைந்தார்கள். மறுநாள் 24 பேரும் புறப்பட்டுவிட்டார்கள். இரு பொருள் தரும் சொல்லாக ‘ஸாரி’ இருந்ததால் காரியம் முடிந்தது. இதை எழுதியவருக்கு நான் நூற்றுக்கு நூறு மதிப்பெண் கொடுத்திருப்பேன். நேர்மைக்கு எத்தனை கொடுப்பேன் என்று தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. அங்கே ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை, பழங்குடி மக்களின் குழந்தைகள் பலர், அரசின் சட்டங்களாலும் கொள்கையாலும் பெற்ற தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, நிறுவனங்களிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்க்கப்பட்டார்கள். அப்படிச் சில குழந்தைகளை வளர்த்த இல்லங்களில் கிறிஸ்தவ சபைகள் நடத்தியவையும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. இதை விசாரித்த குழுவின் அறிக்கை 1997 மே 26 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே நாளை மக்கள் ‘தேசிய ஸாரி நாள்’ என்று கடைப்பிடித்தார்கள். குறிப்பேடுகளில் ஆயிரக்கணக்கானோர் இச்சொல்லை எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஆனால் பிரதமர் ஜான் ஹோவர்டு அரசின் சார்பில் அதைச் சொல்ல மறுத்தார். முன்னோர் செயலுக்கு இன்றைய தலைமுறை பொறுப்பாகாது என்பது அவர் வாதம். 1999-இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தில் ஆழ்ந்த வருத்தம் என்று பொருள்படும் ‘ரிக்ரெட்’ இருந்தது, ‘ஸாரி’ இல்லை. 2000 மே 28 அன்று சிட்னித் துறைமுகப் பாலத்தின் வழியே சுமார் இரண்டரை லட்சம் பேர் நடந்தார்கள்; அவர்கள் தலைக்கு மேலே வானத்தில் விமானப் புகையால் அந்த ஒரு சொல் எழுதப்பட்டது. கடைசியில் 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து, தம் தீர்மானத்தில் அச்சொல்லை மும்முறை சொன்னார். பிள்ளைகளாக இருக்கும்போது பிரிக்கப்பட்டு முதியவர்களாகிவிட்டவர்கள் மன்றத்தில் அமர்ந்து கேட்டார்கள். அந்த ஐந்தெழுத்துக்காக அவர்கள் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். அதே பழங்குடி மக்களின் ஆங்கில வழக்கில் ‘ஸாரி பிஸினஸ்’ என்றால் இறந்தோர்க்காகத் துக்கம் காக்கும் சடங்குகள் என்பதும் அறியத்தக்கது. சொல்லின் பழைய நோவுப் பொருள் அங்கே அப்படியே நிலைத்திருக்கிறது.

சட்டமும் இச்சொல்லோடு போராடியிருக்கிறது. வண்டி மோதிய இடத்தில் ஓட்டுநர் ‘ஸாரி’ என்றால், அது இரக்கமா, குற்றத்தை ஒப்புக்கொள்வதா? இதற்குப் பயந்தே பலர் அடிபட்டவரிடம் வாய்திறக்காமல் நின்றார்கள். விபத்து வழக்குகளில் இத்தகைய அனுதாபச் சொற்களைச் சாட்சியமாகக் கொள்ளலாகாது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986-இல் சட்டம் செய்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2009-இல் மன்னிப்புக்கே இதுபோன்ற பாதுகாப்பு அளித்தது.

தமிழில் இதற்கு ஈடான சொல் ஏது? மன்னிப்பு என்பது எதிரிலிருப்பவர் கொடுக்க வேண்டிய பொருள். ‘ஸாரி’ நம்மிடம் இருக்கும் நோவு. ‘வருந்துகிறேன்’ என்பதே மிக நெருங்கியது. உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். முன்னாளில் தொலைக்காட்சியில் படம் நின்றுபோனால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று எழுத்து வரும். அதை மொழிபெயர்த்தவர் விவரம் தெரிந்தவர். கத்தோலிக்க மாணவியர் அறிந்த உத்தம மனஸ்தாப மந்திரத்தின் ஆங்கில வடிவில் இச்சொல் வருகிறது. அங்கும் அது மனத்தின் தாபத்தையே குறிக்கிறது. அந்த ‘மனஸ்தாபம்’ இன்று நம் பேச்சில் இரண்டு பேருக்கிடையே உள்ள சண்டையாகிவிட்டது வேறு விஷயம்!

உண்மையில் பல இடங்களில் நமக்குச் சொல்லே தேவைப்பட்டதில்லை. பிறர்மீது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். துக்க வீட்டில் பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள். எவரும் வாக்கியம் அமைப்பதில்லை. அந்த அயர்லாந்து மதர் என் கையைப் பிடித்திருந்தது அந்த மொழியில்தான் சேரும் என்று இப்போது தோன்றுகிறது. சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்ட எனக்குக் கை புரிந்தது.

இனி பயிற்சி. பின்வரும் இடங்களில் எவ்வகை ‘ஸாரி’ பொருந்தும், எந்தச் சிறு சொல் பின்னால் வரும், அதற்கு மறுமொழி என்ன என்று எழுதுங்கள். நூலகப் புத்தகத்தில் மை கொட்டிவிட்டது. தொலைபேசியில் எதிர்முனைக் குரல் கேட்கவில்லை. மழையில் நனைந்து நடுங்கும் நாய்க்குட்டியைப் பற்றித் தங்கைக்கு எழுதுகிறீர்கள். பிறந்தநாள் அழைப்பை ஏற்க முடியவில்லை. அம்மாவிடம் கோபத்தில் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். தகப்பனாரை இழந்த உங்கள் வகுப்புத் தோழி பத்து நாட்கள் கழித்து இன்று காலை உங்கள் பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

விடுமுறை முடிந்து வரும் முதல் வாரத்தில் நோட்டுகளை என் மேசையில் வையுங்கள். கடைசி இரண்டுக்கும் எழுத்தில் விடை தராவிட்டாலும் மதிப்பெண் குறைக்கமாட்டேன்.